நாலு விரல் வலைக்கண்

மீன்கடைக்காரரே, நீங்கள் குட்டி மீன்களை விற்கிறீர்கள். தெரிந்தேதான் விற்கிறீர்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. திருப்பூருக்கு வந்து பதினைந்து வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அன்று உங்கள் கடை முன்னால் நிற்பவர்களில் பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஆட்கள்.

நீங்கள் வஞ்சிரம் என்பதை நாங்கள் சீலா என்போம். அப்பா பிடித்து வரும் சீலா என் இடுப்பு உயரம் இருக்கும். அம்மா வெட்டினால் நாலு வீட்டுக்குக் குழம்பு. வலையை வீட்டிலேயே பின்னுவோம். அம்மாவின் நாலு விரல் சேர்ந்து நுழைய வேண்டும். வலைக்கண்ணுக்கு அதுதான் அளவு. குட்டி நழுவிப் போய்விடும். அம்மாவின் விரல் தடித்தபோது அப்பா சொல்வார்: "ஒன் வெரலு பெருக்கப் பெருக்க மீனுக்குத்தாம்ட்டி கொண்டாட்டம்." அம்மா வலை ஊசியாலேயே அவர் முட்டியில் குத்துவாள். அந்தக் குழம்பின் புளி வாசனை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த ஆசையில்தான் தப்புச் செய்தேன். பெரிய சீலா என்றால் துண்டுதான் வாங்க முடியும். எனக்குத் தலையோடு முழு மீன் வேண்டும். முழங்கை நீளம்கூட இல்லாத குட்டியைக் காட்டி, "முழுசாவே எடுத்துக்கோங்க அக்கா, முள்ளுகூட மெத்துன்னு இருக்குமுங்க" என்றீர்கள். வாராவாரம் வாங்கினேன். என்னைப் பார்த்து ஊர்க்காரர்களும் வாங்கினார்கள்.

போன மாதம் அண்ணனிடம் போனில் பெருமையடித்தேன், எங்கள் வீட்டில் சீலாக் குழம்பு என்று. அவன் இன்னும் அப்பாவின் வள்ளத்தில்தான் கடலுக்குப் போகிறான்.

"சீலாவா? நான் கண்ணால பாத்து மாசக்கணக்காச்சு. பஸ் ஏறி ஒங்க ஊருக்கு வந்துட்டு போல" என்று சிரித்தான். எவ்வளவு பெருசு என்று கேட்டான். சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அது முட்டையே போட்டிருக்காதேட்டி."

போனை வைக்கும் முன், "ஒங்க கம்பெனியில ஆள் எடுக்காவளா?" என்றான்.

அடுத்த ஞாயிறு உங்களிடம் கேட்டேன். "நீங்க கேக்கறதத்தானுங்க கொண்டாறேன்" என்றீர்கள். நியாயம்தான், கேட்டது நான். இனிக் கேட்க மாட்டேன். பெரிய மீனில் ஒரு துண்டு போதும். இல்லையென்றால் மத்தி போதும்.

பனியனில் ஒரு பொத்தல் இருந்தால் நான் ரிஜெக்ட் செய்கிறேன். இந்தக் குட்டிகளை எந்த வலை அரித்து வந்தது? நீங்கள் ஏன் திருப்பி அனுப்பவில்லை? அண்ணன் வள்ளத்தை விற்றுவிட்டு இங்கே வந்து நிற்பதற்குள், வருகிற ஞாயிறு, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, கடை வாசலில் நின்று சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.