தேவல என்று சொல்லாதவர்கள்

சிக்குன்குனியா வந்த வருஷத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் வலது மணிக்கட்டுதான். கம்பத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஸ்க்ரூடிரைவரைத் திருக முடியாத கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கடை சாத்தியே கிடந்தது. என்னைப் பொறுத்தவரை அதைவிடக் கெட்ட காலம் இல்லை. என் அம்மாவோ, "அந்தக் காச்சலப்போ நான் நல்லா இருந்தேன்டா" என்பாள். கேட்கிறவர்கள் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே இன்னும் விளங்கவில்லை.

எங்கள் தெருவில் அந்தக் காய்ச்சல் நுழையாத வீடு இல்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஏற ஆளில்லாமல் நின்றன. மலைக்கு மேலே கேரளாவில் இருக்கிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த காய்ச்சல் என்றார்கள். நாங்கள் கேரளாவிலிருந்து இறங்கிய காய்ச்சல் என்றோம். கொசு யாரிடமும் ஊர் கேட்கவில்லை. காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்கிவிடும், மூட்டு வலி மட்டும் போகாது. கீழே உட்கார்ந்தவர் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்வீட்டு டீக்கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஊரே மாப்பிள்ள அழைப்புக்குப் போற மாதிரியில்ல நடக்குது! மேளம் ஒண்ணுதான் கொறச்சல்."

இப்படி ஆளாளுக்கு ஒன்று சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்குப் புத்தகம் எல்லாம் இப்படி அடுத்தவர் சொல்லிக் கேட்டதுதான். ஆனால் அம்மா சொன்னதை மட்டும் எந்தப் பக்கமாகப் புரட்டினாலும் படிக்க முடியவில்லை.

அம்மாவுக்கும் என் அத்தைக்கும் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. அத்தை என் அப்பாவின் தங்கை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அவள்தான் துணை. கிணற்றடிக்குப் போனாலும் சினிமாவுக்குப் போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்களாம். அத்தை மகள் எனக்கு முறைப்பெண். அந்தப் பிள்ளையை எடுக்காமல், கெங்குவார்பட்டியில் எனக்குப் பெண் எடுத்தாள் அம்மா. அன்றோடு அறுந்தது. அப்பா காலமானபோது அத்தை வந்து அழுதாள், அண்ணனுக்காக அழுதாள், அம்மா முகத்தைப் பார்க்காமல் போனாள். என் மனைவியை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

பேச்சில்லாத வீடாக இருந்தாலும் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நோய் என்று படுத்துவிட்டால் போய்க் கேட்டாக வேண்டும். போகாவிட்டால் தெருவே காறித் துப்பும். போய் நிலைப்படியில் நின்று, "இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்கலாம். படுத்திருப்பவர் பதில் சொல்லலாம். அது உறவில் சேராது. தினமும்கூட வரலாம். என்றைக்குப் படுத்தவர் "தேவல" என்று சொல்கிறாரோ, அன்றோடு வருவது நிற்கும். மறுநாள் தெருவில் எதிரே வந்தாலும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அத்தைக்குத்தான் காய்ச்சல் முதலில் வந்தது. அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் விழுந்தோம். அடுப்புப் பற்றவைக்க ஆளில்லை. மூன்றாம் நாள் காலையில் நிலைப்படியில் அத்தையின் குரல் கேட்டது.

"இப்ப எப்பிடி இருக்கு?"

அம்மா பாயில் கிடந்தபடியே, "தூக்கிப்போட்ட துணி மாதிரி கெடக்கேன், பாத்துக்க" என்றாள்.

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. எமன் வந்து வாசல்ல நின்னாக்கூட எந்திருச்சு வாங்கன்னு சொல்ல முடியாது மதினி."

மதினி என்ற சொல்லை அந்த வீடு கேட்டு எத்தனையோ காலம். அத்தை தூக்குவாளியை உள்ளே வைத்தாள். கஞ்சியும் துவையலும். மறுநாள் நிலைப்படியைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த நாள் என் மனைவியின் தலையை நிமிர்த்திப் பிடித்து நிலவேம்புக் கஷாயத்தை ஊற்றினாள். "குடி ஆத்தா. கசக்கத்தான் செய்யும். உன் மாமியா வாயவிடவா கசந்துரப் போகுது?" பாயில் கிடந்த அம்மா சிரித்தாள், சிரித்ததில் விலா வலித்து, "ஏ சண்டாளி, சிரிக்க வைக்காத" என்று கத்தினாள்.

நானும் மனைவியும் எழுந்துவிட்டோம். அம்மா எழவில்லை. அதாவது, எழுந்தாள், எழவில்லை. கொல்லைப்பக்கம் போனால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். வாசல் பக்கம் வந்தால் சுவரைப் பிடிக்கிறாள். அவள் விழுங்காமல் ஒளித்துவைத்த மாத்திரையைத் தலையணைக்குக் கீழே பார்த்தேன். "தேனிக்குப் போயி எலும்பு டாக்டரப் பாத்துட்டு வருவோம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"குணமாக வேணாமா?"

"ஆகும்போது ஆகட்டும். உனக்கு என்ன அவசரம்?"

மனைவியிடம் கேட்டால், "விடுங்க, அவுகளுக்குத் தெரியும்" என்றாள். என்ன தெரியும்? வலி இருந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நேராக நடக்க வேண்டும். மிக்ஸி என்றால் ஓடும் அல்லது ஓடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றை நான் கடையில் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் தண்ணீர்த் தொட்டியைச் சோதிக்கிற பெண் ஒருவர் வந்தார். சுகாதாரத் துறையிலிருந்து வீடு வீடாக வந்து, தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயப்போடச் சொல்வார்கள். கொல்லையில் அம்மா ஒருத்தியாக சிமெண்டுத் தொட்டியைச் சாய்த்துக் கவிழ்த்ததை அவர் பார்த்துவிட்டார். அவருக்கு ஒரே சந்தோஷம். அத்தை வீட்டு வாசலில் போய் நின்று சத்தமாகச் சொன்னார்: "அந்தப் பெரியம்மாவுக்கு நல்லாத் தேவல! தொட்டியவே தனியாக் கவுத்துப்புட்டாக!"

மறுநாள் அத்தை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அம்மா பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். வீட்டு வேலை அத்தனையும் செய்தாள், கால் நொண்டவில்லை, ஆனால் சாப்பாடு பாதியோடு நின்றது. "என்னம்மா, திரும்பக் காச்சலா?" என்று நெற்றியைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அந்தப் பொம்பளைக்கு என் தொட்டியப் பத்தி என்னடா பேச்சு?"

"நீ நல்லாருக்கேன்னுதானம்மா சொல்லிருக்காக."

"நல்லாருக்கேன்னு நான் சொன்னேனா?" அவள் கண் கலங்கிவிட்டது. "காச்சல் வந்தப்போ ஊரே என்னைய மாதிரி நடந்துச்சு. நாப்பது வயசுக்காரனும் செவத்தப் புடிச்சான். கெழவின்னு யாரும் ஒதுக்கல. ஒருத்தருக்கு ஒருத்தர் போயி எட்டிப் பாத்தாக. இப்ப எல்லாரும் எந்திருச்சு ஓடிட்டாக. நானும் தேவலன்னு சொல்லிட்டா, இங்கன யாரு வருவா?"

எனக்குப் பாதி புரிந்தது மாதிரி இருந்தது. பேச ஆசையாக இருந்தால் நேராகப் போய்ப் பேச வேண்டியதுதானே? நான் அதைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வை, பிளக்கைச் சொருகாமல் மிக்ஸி ஓடவில்லை என்று கொண்டுவருகிறவர்களை நான் பார்க்கிற பார்வை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள். "கையப் புடிடா. விழுந்துருவேன்."

கொல்லையில் அப்போதுதான் துணி துவைத்துப் பிழிந்துவிட்டு வந்தவள். பிடித்துக்கொண்டேன். நாலு வீட்டைக் கடக்க நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் பஸ் பிடித்துச் சின்னமனூர் போயிருக்கலாம். அத்தை முருங்கை மரத்தில் ஏணி சார்த்தி மேலே நின்று காய் பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மளமளவென்று இறங்கினாள். கடைசிப் படியில் மட்டும் ஏனோ நின்று முழங்காலைப் பிடித்தாள்.

அம்மா நிலைப்படிக்கு வெளியே நின்றாள். "நீ படுத்தப்போ நானும் படுத்துட்டேன். உன்னைய வந்து பாக்க முடியல. அதான் வந்தேன். இப்ப எப்பிடி இருக்கு?"

"தேவல" என்ற ஒரே சொல்லில் அத்தை அதை முடித்துவிட்டிருக்கலாம். ஏணி சாட்சியாக நின்றுகொண்டிருந்தது.

அத்தை ஏணியையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். "எங்க மதினி! இன்னும் தேவலயாகல. குத்துது, கொடையுது. உங்களுக்கு?"

"எனக்கும் அப்பிடித்தான். அந்தத் தொட்டியக் கவுத்ததுல கூடிப்போச்சு."

"பின்ன? அத எதுக்குத் தனியாத் தூக்குறீக? கூப்புட்டா வரமாட்டேனா?" என்று அத்தை அதட்டினாள். அம்மா என் கையை உதறிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள், சம்மணம் போட்டு.

அன்று தொடங்கிய விசாரிப்பு இன்னும் நிற்கவில்லை. பிற்பாடு பிறந்த என் மகளுக்குக் காது குத்தியபோது அத்தை வந்து பந்தியில் முன்னால் நின்று பரிமாறினாள், அப்போதும் முதல் கேள்வி முட்டியைப் பற்றித்தான். முறைப்பெண் சங்கதியை இருவரும் இன்றுவரை பேசியதில்லை. மழைக்காலத்தில் இரண்டு பேரும் நிஜமாகவே காலைத் தடவுகிறார்கள். ஊரெல்லாம் காய்ச்சலைத் திட்டுகிறது. இவர்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்ட சொந்தக்காரரைப் போல அதை நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "நெசமாச் சொல்லும்மா. வலிக்குதா, இல்லையா?"

அம்மா யோசித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

"எனக்கு எப்பிடிடா தெரியும்? அவ வந்து கேட்டாத்தான் தெரியும்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள்.