குணநாயகம் அண்ணை எழுதாமல் விட்ட கட்டம்

சென்ற வியாழக்கிழமை காலை பட்டறைக் கந்தோர் மேசையில் தொலைபேசி அடித்தபோது நான்தான் எடுத்தேன். மறுமுனையில் குணநாயகம் அண்ணையின் மனைவி மலர் அக்கா. "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றார். வேலைக்கு வரும் வழியில், புட்ஸ்கிரே ரயில் நிலையப் படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்த குணநாயகம் அண்ணை எழும்பவில்லை. அவருக்கு ஐம்பத்துநான்கு வயது.

நான் செய்தியைப் பட்டறையை மேற்பார்க்கும் போர்மன் கென்னிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "பாவம் சார்லி, நல்ல உதவியாள்" என்றார். குணநாயகம் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே அவர் வைத்த பெயர்தான் சார்லி. உதவியாள் என்ற சொல் என்னை உறுத்தியது. ஆனால் அந்தச் சொல் அவரோடு ஒட்டிக்கொண்டதில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெல்பேர்ணில் உள்ள நம்மவர்களுக்கு அண்ணையைப் பூசை வீடுகளில் கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் உட்கார்ந்த கதிரைகளை அடுக்கி வைப்பவராகத் தெரியும். ஊரில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் கருவிகள் செய்தவர் என்பது பலருக்குத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில், வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் இந்த நாட்டின் கதவு இப்போதுதான் திறக்கிறது என்று எல்லோரும் வந்த காலத்தில், அவரும் மனைவியோடு வந்தார். ஊர்ச் சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள். வாள், சீவுளி, துளைகருவி எல்லாவற்றுக்கும் கூர் வைக்கும் எங்கள் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தார். நான் அங்கே கந்தோர் எழுத்தர். கொழும்பில் அரசாங்கக் கோப்புகளைத் தூக்கிய கை, இங்கே வேலை அட்டைகளைத் தூக்கியது.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் அட்டை. என்ன பொருள், என்ன பழுது, என்ன செய்யப்பட்டது என்று எழுதி, கடைசியில் 'செய்தவர்' என்ற கட்டத்தில் வேலை செய்தவர் பெயரைப் போட வேண்டும். அண்ணை மேலே உள்ள எல்லாவற்றையும் மணி மணியான எழுத்தில் நிரப்புவார். கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிடுவார்.

"பேரைப் போடுங்கோ அண்ணை" என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"என்ர பேரை நானே எழுதிறதோ? ஊரில பட்டறைப் பெரியவர் வந்து பார்த்துத்தான் எழுதுவார். ஆர் செய்தது எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

தன் பெயரைத் தானே எழுதுவது அவருக்குத் தம்பட்டம் அடிப்பது போல. கூச்சம்தான். இந்த நாட்டில் அந்தக் கூச்சத்துக்கு என்ன விலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கட்டம் காலியான அட்டையை மேலே அனுப்ப முடியாது. "என் பெயரைப் போட்டுவிடு" என்றார் கென். நான் போட்டேன். மூன்று வருடம் அப்படியே போட்டேன்.

அந்த மூன்றாம் வருடத்தில்தான் அந்த வேலை வந்தது. தென்துருவப் பகுதிக்குக் கப்பலில் போகும் ஆய்வுக்குழுவில் மீன்களைப் பற்றி ஆராயும் ஒருவர், நெஞ்சுயரத்துக்கு ஒரு திருகுத்தண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடியில் இரண்டு அலகுகள், மேலே கையால் சுற்றும் பிடி. உறைந்த கடலில் துளை போட்டு, அதன் வழியாகத் தூண்டில் இறக்கி மீன் பிடிப்பதற்கான துரப்பணம் அது. போன பயணத்துக்கு முன் கென்தான் அதற்குக் கூர் வைத்துக் கொடுத்திருந்தார். கூரென்றால் சவரம் செய்யலாம். ஆனால் பனிக்கட்டியின் மேல் வைத்துச் சுற்றினால் வழுக்கிக்கொண்டே சுற்றியதாம். அந்தப் பயணம் முழுக்க ஒரு மீன்கூடப் பிடிக்க முடியவில்லை என்றார் வந்தவர். அடுத்த கப்பல் இன்னும் எட்டு நாளில்.

கென் அதை மறுபடியும் சாணைக்குக் கொண்டு போனார். அண்ணை குறுக்கே வந்தார். அவர் அப்படிக் குறுக்கே வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். என்னைத்தான் மொழிபெயர்க்கச் சொன்னார்.

"கூர் வடிவா இருக்கு எண்டு சொல்லும். ஆனா அது ஐசில முட்டேல்லை. அலகின்ர பின்பக்கம் முந்திப் போய் முட்டுது."

"சார்லி வாழ்க்கையில் ஐஸ் பார்த்திருக்கிறானா?" என்று கென் சிரித்தார்.

"ஐஸ்பழம் கண்டிருக்கிறன்" என்றார் அண்ணை. அதையும் நான் மொழிபெயர்த்தேன். பட்டறையே சிரித்தது, அண்ணையும் சிரித்தார்.

மறுநாள் மீன்கடைக்கு ஐஸ் போடும் இடத்திலிருந்து ஒரு முழுப் பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அலகுகளின் அடியில் நீலப் பூச்சைத் தடவி, துரப்பணத்தைப் பாளத்தின் மேல் நிறுத்தி இரண்டு சுற்றுச் சுற்றினார். தூக்கிப் பார்த்தால், கூர்முனையில் பூச்சு அப்படியே இருந்தது. பின்பக்கத்தில்தான் தேய்ந்து போயிருந்தது. போன தடவை கூர் வைத்தபோது அலகின் சாய்வு மாறிவிட்டது. அதனால் பின்பக்கம் பனியில் உட்கார்ந்துகொண்டு கூர்முனையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருந்தது. கென் எட்டிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

அண்ணை இரண்டு நாள் அதோடு இருந்தார். பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இறக்கினார். ஓர் அலகு மற்றதைவிடச் சற்றுப் பதிந்திருந்தது. தேயிலைத் தகரப் பேணியின் தகட்டில் மெல்லிய துண்டு வெட்டி அதன் அடியில் வைத்து இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பிடியைச் சுற்றச் சொன்னார். நான் கந்தோர்க்காரன், ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. என் கைக்கே அது பாளத்துக்குள் இறங்கியது.

"கீழ விழுறதைப் பாரும். மா மாதிரி விழுந்தா அலகு அரைக்குது எண்டு அர்த்தம். துருவின தேங்காய்ப்பூ மாதிரி விழுந்தாத்தான் வெட்டுது" என்றார். தேங்காய்ப்பூ மாதிரித்தான் விழுந்தது. அவர் ஒரு பிடி அள்ளி என் சட்டைக்குள் போட்டார். அப்படி அவர் விளையாடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த அட்டையிலும் அவர் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டார். அதிலும் நான் கென்னின் பெயரைப் போட்டேன்.

சில மாதம் கழித்துத் தெற்கிலிருந்து ஒரு கடிதமும் படமும் வந்தன. வெண்பரப்பில் ஒரு துளை, பக்கத்தில் வரிசையாக மீன்கள். 'திரு. கென்னுக்கு எங்கள் நன்றி' என்றது கடிதம். அட்டையின் பிரதியில் அந்தப் பெயர்தானே இருந்தது. கென் அதைச் சுவரில் குத்தி வைத்தார். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார். "மீன் பட்டிருக்கு. அது காணும்" என்றார்.

ஆனால் அது போதவில்லை. அடுத்த வருடம், தன்னைத் தேர்ந்த கருவித் தொழிலாளியாக ஏற்க வேண்டும் என்று தகுதி பார்க்கும் சபைக்கு அவர் விண்ணப்பித்தார். அந்தத் தாள் கிடைத்தால் உதவியாள் என்ற பெயர் போகும், சொந்தத் தொழிலுக்கு வழி கிடைக்கும். இந்த நாட்டில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான். சபை, இங்கே செய்த வேலைக்கு அத்தாட்சி கேட்டது. பட்டறையில் பழைய அட்டைகளைப் புரட்டினார்கள். ஓர் அட்டையிலும் அவர் பெயர் இல்லை. "அட்டையில் உள்ளதைத்தான் நான் சொல்ல முடியும்" என்றார் கென்.

அன்று மதியம் அண்ணை என் மேசைக்கு வந்தார். என் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். யார் நிரப்பியது என்று அவர் கேட்கவில்லை.

"தம்பி, நடந்ததை எழுதி நீர் ஒரு கடிதம் தருவீரோ?"

எனக்கு இரண்டு பிள்ளைகள். கந்தோர் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நேரம். "பார்ப்பம் அண்ணை" என்றேன்.

'பார்ப்பம்' என்றால் என்ன என்று நம் ஆட்கள் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. சபை மறுத்துவிட்டது. அடுத்த பூசையில் வழக்கம்போல எனக்குப் பக்கத்தில் நின்று கதிரை அடுக்கினார். என் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரித்தார். அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசாமல் விட்டதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்குக் கந்தோரில் மரணப் பதிவுப் படிவம் தந்தார்கள். "உங்கட எழுத்து வடிவா இருக்கும், நீங்களே நிரப்புங்கோ தம்பி" என்றார் மலர் அக்கா. எல்லாம் தெரிந்துதான் சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ, அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பெயர், பிறந்த இடம், தந்தை பெயர் எழுதினேன். அடுத்தது தொழில். உதவியாள் என்று எழுதவில்லை. 'கருவி செய்பவர்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் வாசித்துப் பார்த்து, முத்திரை குத்தி, உள்ளே எடுத்து வைத்தார். சான்றிதழ் எங்கே என்று கேட்கவில்லை. அட்டை எங்கே என்று கேட்கவில்லை. உயிரோடு இருந்தவருக்கு நாலு வருடமாகக் கிடைக்காதது, எரியப் போகிறவருக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

படிவத்தின் அடியில், விவரம் தந்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். நீங்கள் கேட்ட கடிதம் அதுதான் அண்ணை. வாங்க நீங்கள் இல்லை. போயிட்டு வாங்கோ.