படிக்காமல் கடந்த பலகை

ஆஸ்பத்திரி வேன் ஓட்டுநரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதைச் சொன்னாலும் "ரைட்டு" என்றே பதில் சொல்வார் என்பதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. இளையவர்களுக்கு ரைட்டு அண்ணன். நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறார். ஒரு விபத்துகூடக் கிடையாது. சிறுநீரகம் பழுதானவர்களை வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலிருந்து கூட்டிவருவார். ரத்தம் சுத்திகரிக்கும் நாலு மணி நேரமும் காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவார். நோயாளிகள் உட்காரும் வரை வண்டியைக் கிளப்பமாட்டார், வேகத்தடையில் தொட்டில் மாதிரி ஏற்றி இறக்குவார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது அவருடைய மனைவிக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

அப்பா கட்டட வேலைக்காக ஊர் ஊராக மாறியவர். பையன் மூன்று பள்ளிக்கூடங்களில் மூன்று தடவை முதல் வகுப்பில் உட்கார்ந்தான். எங்கேயும் 'க' வரிசையைத் தாண்டுவதற்குள் மூட்டை கட்டவேண்டி வந்தது. எட்டு வயதோடு படிப்பு நின்றது. பிறகு லாரிக் கிளீனர், பிறகு ஓட்டுநர். உரிமம் வாங்கப் போனபோது அதிகாரி ஒரு அட்டையில் இருந்த படங்களைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். முக்கோணத்துக்குள் வளைந்த கோடு, சிவப்பு வட்டத்துக்குள் வெட்டிய அம்பு என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். படம் போட்ட பலகை எதுவும் அவரை ஏமாற்றியதில்லை. எழுத்து போட்ட பலகைதான் சுவர் மாதிரி நின்றது.

அந்தச் சுவரைச் சுற்றிப் போக வழி வைத்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கும், ஆனால் யாராவது தாளை நீட்டினால் அது வீட்டில் இருப்பதாகிவிடும். "கண்ணாடிய மறந்துட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பார். முகவரியைக் காதால் கேட்டு, மஞ்சள் மாடி வீடு, இரட்டைத் தண்ணீர்த் தொட்டி, பூட்டியே கிடக்கும் பெட்ரோல் பங்க் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். புது இடம் என்றால் முந்தின நாள் இரவு தூக்கம் வராது.

கைப்பேசி வழி சொல்ல ஆரம்பித்த பிறகு அந்தப் பயம் போயிற்று. மைக் படத்தை அழுத்தி இடத்தைச் சொன்னால் போதும். எங்கே திரும்பவேண்டும், எத்தனை மீட்டர் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே வரும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குத் தெரியாத ஊருக்குள் நெஞ்சு படபடக்காமல் போனார். மனைவிகூடக் கிண்டலடித்தாள்: "நான் பத்துத் தடவ சொன்னாலும் கேக்கமாட்டீங்க. அவ ஒரு தடவ சொன்னா உடனே திரும்புறீங்க."

"அவ பழசெல்லாம் கிளறமாட்டா" என்றார் இவர்.

அந்த வருடம் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. விட்ட மறுநாள் காலை வண்டியில் மூன்று நோயாளிகள். பின்னால் ஒரு முதியவரும் ஒரு கல்லூரி மாணவியும். முன் இருக்கையில் தையல்காரம்மா. பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். ரைட்டைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் அக்கா என்றே கூப்பிடுவார். பெரிய சாலையில் நெரிசல் என்று சொல்லி, குரல் அவர்களை ஆற்றோரச் சாலைக்குத் திருப்பிவிட்டது.

சாலை தொடங்குகிற இடத்தில் இரண்டு தார் டிரம்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. குறுக்கே வைத்திருந்ததை இருசக்கர வண்டிக்காரர்கள் யாரோ நகர்த்தியிருக்கவேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை, சிவப்பு எழுத்து. ரைட்டு வேகத்தைக் குறைத்தார், பலகையைப் பார்த்தார். படம் இல்லை, அம்பு இல்லை. மனை விற்பனைக்கும் இப்படித்தான் வைக்கிறார்கள். குரல் "நேராகச் செல்லவும்" என்றது. போனார்.

அறுநூறு மீட்டரில் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் சின்னப் பாலத்தின் மறுபாதியைக் காணவில்லை. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்ததில் வண்டி சறுக்கி, இடது முன்சக்கரம் ஊறிப்போன கரையில் அச்சு வரை இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. மாணவி மட்டும் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். கைப்பேசி மறுபடி "நேராகச் செல்லவும்" என்றது. அவர் அதை அணைத்தார்.

வேறு வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவும் டிரம் வரைதான் வந்தது. அந்த இடம் வரை எல்லோரும் மெல்ல நடந்தார்கள். தையல்காரம்மா ரைட்டின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தார். பலகை அருகில் வந்ததும் நின்று, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார்.

"தம்பி, இங்க நீங்க ஸ்லோ பண்ணீங்க. இதப் பாத்தீங்க."

ரைட்டு ஓரமாகக் கிடந்த டிரம்களைப் பார்த்தார்.

"எனக்குத் தூரத்துல எதுவும் தெரியாது. நீங்க படிச்சுட்டுதான் போறீங்கன்னு நெனச்சேன்." அதற்கு மேல் தையல்காரம்மா எதுவும் கேட்கவில்லை. வண்டியில் ஏறும்போது மட்டும் அவருடைய முழங்கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு விசாரித்தார். இவரைவிடப் பத்து வயது இளையவர், குரலை உயர்த்தாதவர்.

"அங்க போர்டு இருந்துச்சாமே, அண்ணே?"

"போன் நேராப் போகச் சொல்லுச்சு, சார்."

"போர்டப் பாக்கலையா?"

"கவனிக்கல" என்றார் ரைட்டு. அவ்வளவுதான். ஒரு சொல் பொய். மேற்பார்வையாளர் அதை எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஓட்டுநர் அறையில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. எல்லோரும் அதன் முன் கூடி நின்றார்கள். ரைட்டும் போய் நின்று, மற்றவர்கள் தலையாட்டியபோது தலையாட்டினார். இரவு ஷிப்ட் ஓட்டுநர் திரும்பி, "என்னண்ணே, உங்களால எங்க எல்லாருக்கும் போன் மேப்ப நிறுத்திட்டாங்களே. இனிமே நான் புது ஏரியால எங்க போய் முட்டிக்கிறது?" என்றார். கோபமாக இல்லை, சலிப்பாகத்தான். அப்போதுதான் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதே ரைட்டுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் வேலையை விடப்போவதாகச் சொன்னார். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"விட்டுட்டு? அடுத்த எடத்துல போர்டே இருக்காதா?"

"எனக்கு வெக்கமா இருக்கு."

"அந்தப் பொண்ணு அழுதான்னு சொன்னீங்களே. அதவிடவா?"

அவர் சாப்பிடாமல் எழுந்துபோய்ப் படுத்தார். விடிந்ததும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நேராக மேற்பார்வையாளர் அறைக்குத்தான்.

"போர்டப் பாத்தேன், சார். படிக்கத் தெரியாது. போன் மேல தப்பில்ல. அதாவது, அதோட தப்பு கொஞ்சம்தான். மத்தவங்களுக்கு அதத் திருப்பிக் குடுத்துருங்க."

மேற்பார்வையாளர் பேனாவை மூடி வைத்தார். "இருபத்திரண்டு வருஷமாவா?"

"ஆமா, சார்."

"எப்படிண்ணே சமாளிச்சீங்க?"

ரைட்டுக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. திட்டுவார் என்று நினைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டி, மஞ்சள் வீடு, கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்கே தெரிந்தது. முடிவு அன்றே வந்தது. ஓட்டுநர்கள் மேப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் பலகை வேறு மாதிரி சொன்னால் நிறுத்திக் கேட்கவேண்டும். ரைட்டு, படிக்கக் கற்றுக்கொள்ளும் வரை வண்டியைத் தொடக்கூடாது. இரண்டு மாதத் தவணை. அதுவரை டயர் கிடங்கில் வேலை.

வண்டி இல்லாத அந்த முதல் திங்கட்கிழமை அவருக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் டயாலிசிஸ் அறைப் பக்கம் போனார். தையல்காரம்மா ஒரு கையில் குழாயோடு படுத்திருந்தார்.

"அக்கா, அந்தப் போர்டுல என்னதான் எழுதியிருந்துச்சு?"

அவர் குழாய் இல்லாத கையால் பையைத் துழாவி, துணி வெட்டும் அளவுத் தாளையும் சாக்குக்கட்டியையும் எடுத்தார். பெரிய எழுத்தில் எழுதினார்: பாலம் உடைந்துள்ளது.

"இது 'ப'. காலு போட்டா 'பா'. உக்காருங்க. எனக்கும் நாலு மணி நேரம் போகணும்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. டயர் கிடங்கில் மதிய இடைவேளையை எடுத்துக்கொள்ளாமல் சேர்த்துவைத்து, வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் படுக்கையருகில் உட்கார்ந்தார். கொம்பும் சுழியும் அவரைப் படாதபாடு படுத்தின. 'ள'வையும் 'ல'வையும் மாற்றி மாற்றிப் போட்டார். கோபம் வந்து ஒருநாள் தாளைக் கசக்கினார். "அது என் பேட்டர்ன் பேப்பர், தம்பி. ஒழுங்கா விரிச்சு வைங்க" என்றார் தையல்காரம்மா. விரித்து வைத்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் அந்தத் தாள்களைப் பார்த்த மனைவி, "கல்யாணமான புதுசுல நான் சொல்லிக்குடுக்கிறேன்னு சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டீங்க. நான் சொன்னா மட்டும் கசந்துச்சா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"உன் முன்னாடி தப்பாப் படிக்க முடியல. அவ்வளவுதான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப படிங்க" என்றாள். 'உடைந்துள்ளது' என்ற சொல்லைக் கடக்க அவருக்கு அன்று இரண்டு நிமிடம் பிடித்தது. அவள் நடுவில் புகுந்து சொல்லிக்கொடுக்காமல் இருந்தாள். அவளுக்கு அது லேசாக இருந்திருக்காது.

இரண்டு மாதம் என்று சொன்னது நான்கு மாதமானது. ஒரு காலை மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார, ரைட்டு ஓட்டினார். வழியில் வந்த பலகைகளை உரக்கப் படித்தார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அவர் மூன்றாவது எழுத்தைப் பிடிக்கும்போது பலகை பின்னால் போய்விட்டது. வேகத்தை நாற்பதாக்கினார். பின்னாலிருந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

"அடிக்கட்டும்ணே, நீங்க படிங்க" என்றார் மேற்பார்வையாளர்.

வண்டி திரும்பக் கிடைத்தது. கைப்பேசியை அவர் கைவிடவில்லை. குரல் பேசிக்கொண்டேதான் வருகிறது. குரலும் பலகையும் ஒன்றையே சொன்னால் போகிறார். ஒத்துப்போகாவிட்டால் ஓரம் கட்டி, யாரையாவது கேட்கிறார். நேரம் ஆகிறது என்று பின்னாலிருக்கும் முதியவர் முணுமுணுப்பார். மாணவி முணுமுணுப்பதில்லை.

ஒத்துப்போகாத நாள் ஒன்று விரைவிலேயே வந்தது. புது நோயாளி ஒருவரைக் கூட்டிவந்த பழக்கமில்லாத வழியில், ஒரு முச்சந்தியில் குரல் நேராகப் போகச் சொன்னது. அங்கிருந்த வழிகாட்டிப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்: மருத்துவமனை. அம்பு இடதுபுறம் காட்டியது. அம்பு காட்டிய இடத்தில் ஒரு சோளக் கொல்லைதான் இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தார். ஏதோ லாரி இடித்து, கம்பம் அப்படியே கால்வாசி சுற்றித் திரும்பியிருந்தது. எழுத்தெல்லாம் சரி, நிற்கிற திசைதான் தப்பு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். இவ்வளவு பாடுபட்டுப் படித்து முடித்ததும் பலகையும் தப்பாகச் சொல்லுமா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒருவிதத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

கம்பத்தைத் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வாழ்க்கையில் முதல் கடிதம். நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "பலகைக்கு ள போட்டிருக்கீங்க" என்றாள்.

"மாத்தணுமா?"

"வேண்டாம். புரியுது."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: "ஐயா, முச்சந்தியில் ஆஸ்பத்திரி பளகை திரும்பி நிற்கிறது. அதைப் படிக்கிறவர்கள் கொல்லைக்குள் போய்விடுவார்கள். நோயாளி வண்டிகள் வரும் வழி. சீக்கிரம் ஆள் அனுப்பவும்."