ஒல்லாந்து இசைத்தட்டும் அம்மாவின் ஒப்பாரியும்

உயிரோடு நடமாடுகிற மனிதருக்கு ஒப்பாரி வைத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரே நாளில் இரண்டு பேருக்கு. இரண்டையும் வைத்தது என்னைப் பெற்ற தாய். 

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு எட்டு வயது. சேலத்திலிருந்து ஓமலூர் போகிற வழியில் வெள்ளைக்கல் வெட்டுகிற ஒரு சுரங்கத்தில் அப்பாவுக்கு வேலை. கல் வெட்டுகிற வேலை இல்லை, சுரங்கத்துத் துரைக்குக் குதிரை வண்டி ஓட்டுகிற வேலை. கூப்பிட்ட நேரத்துக்கு வண்டி நிற்க வேண்டும் என்பதால் பங்களாவின் பின்புறத்திலேயே எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். கூலியாட்கள் இருந்த லைன் வீடுகளுக்கெல்லாம் கீற்றுக் கூரைதான். மழை பெய்யும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்று அந்தக் கூரைகளைப் பார்த்து உச்சுக் கொட்டுவாள். அந்த உச்சில் இரக்கம் கால் பங்கு, பெருமை முக்கால் பங்கு.

துரை ஒல்லாந்து தேசத்துக்காரர். வெள்ளைக்காரர்களிலும் வேறு பாஷை பேசுகிறவர்கள் உண்டு என்பதே எங்களுக்கு அவரால்தான் தெரிந்தது. தொண்டையில் முள் மாட்டிக்கொண்டவர் பேசுவதுபோல அவரும் துரைசானியும் பேசிக்கொள்வார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டம் என்றால் சட்டம். வேலையாட்கள் யாரும் பங்களாவின் முன்வாசல் படி ஏறக்கூடாது. அப்பாவுக்கு முன்னால் வண்டி ஓட்டியவர் ஒரு மழைக்கு முன்வராந்தாவில் ஒதுங்கி நின்றார். அன்று சாயங்காலமே அவர் சீட்டு கிழிந்தது.

அதனால் அப்பா தினமும் காலையில் தலைப்பாகை கட்டும்போதே எங்களுக்கு மந்திரம் ஓதுவார். “முன்வாசப் பக்கம் ஒருத்தரும் தலை காட்டப்படாது. வேலை போச்சுன்னா ஊடும் போச்சு, பாத்துக்குங்க.” நானும் அம்மாவும் தலையாட்டுவோம்.

துரைசானி ஒல்லியாக, வெளுத்துப்போய் இருப்பார். பிள்ளை குட்டி கிடையாது. அதிகம் பேசவும் மாட்டார். ஆனால் அவருடைய கைவிரல்கள் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. வராந்தாச் சுவரானாலும் சாப்பாட்டு மேஜையானாலும் பத்து விரலும் அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். நரம்பு வியாதி என்று லைன் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். வேப்பெண்ணெய் தடவினால் கேட்கும் என்று அம்மா சமையல்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பியதாகவும் ஞாபகம்.

அம்மா எடப்பாடிப் பக்கத்துப் பெண். ஒப்பாரியில் அம்மாவை அடித்துக்கொள்ள அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. சாவு வீட்டில் அம்மா போய் உட்கார்ந்த பிறகுதான் அழுகையே களைகட்டும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு மாதிரி, கூடப்பிறந்தவனை இழந்தவளுக்கு ஒரு மாதிரி, கல்யாணம் காணாமல் போன பெண்ணுக்கு வேறு மாதிரி என்று ஆளுக்குத் தக்கபடி பாட்டு மாறும். எல்லாம் அந்த இடத்திலேயே கட்டுவதுதான். அப்பாவுக்கு இதில் கூச்சம். நாலு பேர் மெச்சும்போது மட்டும் மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒருநாள் காலையில் அப்பா சூரமங்கலம் ஸ்டேஷனிலிருந்து ஒரு பார்சல் கொண்டுவந்தார். தோசைக்கல் அகலத்தில் தட்டையான மரப்பெட்டி. ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்தது. உடைகிற சாமான் என்று ஸ்டேஷனில் பயமுறுத்தியிருந்ததால், வழி முழுக்கக் குதிரையை நடக்கவிட்டு, பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். பின்கட்டு வழியாக அதைத் துரைசானியிடம் கொடுத்துவிட்டு, துரையை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குப் போனார்.

அன்று சுரங்கத்தில் பெரிய வேட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டு உறியில் சட்டி ஆடியது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை நிறுத்தி, “எவன் தலையில வெச்சானுங்களோ” என்று முணுமுணுத்தாள். மறுபடி முறத்தை எடுத்தபோதுதான் பங்களாவுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ணங் என்று ஒன்று. அது நன்றாக அடங்கிய பிறகு இன்னொன்று. சாவு வீட்டில் சேகண்டி அடிப்பார்களே, அதே கனம், அதே இடைவெளி. கொஞ்சம் பொறுத்து அதன்மேல் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மாதிரி சின்னச் சின்னச் சத்தங்கள். பிறகு எல்லாம் நின்றுவிட்டது. சற்று நேரத்தில் திரும்பவும் முதலிலிருந்து ணங். நடுவில் ஒரு பெண் விம்முவதும் கேட்டது.

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. “தொரை போயிட்டாரு சாமி” என்றாள். வேட்டு, சேகண்டி, அழுகை. இதற்குமேல் என்ன வேண்டும்? அப்பா வண்டியோடு தூரத்தில்தான் நின்றிருப்பார், அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்குச் சொல்வதுபோல இரண்டு தடவை தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டாள். 

லைன் வீடுகளின் முன்னால் போய் நின்று அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “ஏனக்கா, சேகண்டிச் சத்தம் கேக்கலீங்களா? தொரசாணி தாலியறுத்துட்டு ஒத்தையில கெடந்து அழுவுது. சீமையிலிருந்து அதுக்கு ஆரு வரப்போறா?” இருபது பெண்களுக்குக் குறையாமல் கிளம்பிவிட்டார்கள். வெள்ளைக்காரர் வீட்டில் சேகண்டி அடிப்பது யார் என்று ஒருத்தியாவது கேட்டிருக்கலாம். நான் மட்டும் ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்து, முன்வாசல் பக்கம் போகக்கூடாதென்று அப்பா சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

“சாவு ஊட்டுக்கு என்னடி முன்வாச, பின்வாச” என்று என் கையை உதறினாள் அம்மா.

உள்ளே துரைசானி தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராமபோன் பெட்டி. அதன்மேல் கறுப்பு இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சேகண்டி அதற்குள்ளிருந்துதான் வந்தது. அதை நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. துக்கத்துக்குப் போனால் வாங்க, உட்காருங்க என்பதெல்லாம் கிடையாது. கட்டிப்பிடித்து அழ வேண்டியதுதான். அம்மா துரைசானியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார்கள். துரைசானி முதலில் திடுக்கிட்டு விலகப் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஒரு வெள்ளைக்காரி அப்படி அழுவாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பயத்தில் கதவோரமாக ஒட்டிக்கொண்டேன்.

அம்மா துரையின் தொப்பியைப் பாடினாள், பூட்ஸைப் பாடினாள், வேட்டுக்குப் பலியான அவருடைய பொன்மேனியைப் பாடினாள். குதிரை எசமானைத் தேடிக் கனைப்பதாக அவள் ஒரு அடி கட்டியபோது, வாசலில் நிஜமாகவே குதிரை கனைத்தது.

துரை வந்து நின்றார். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். ஒருத்தி “பேயி” என்று வீறிட்டு மயங்கி விழுந்தாள். பாதிப் பாட்டில் அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. துரைக்குப் பின்னால் அப்பா. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அன்று செத்தது அவர்தான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

“யார் செத்தது?” என்று துரை தமிழில் கேட்டார்.

அப்பா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார். “தாங்கதானுங்க எசமான்” என்றார்.

வேலை, வீடு, ஓட்டுக்கூரை எல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் துரை சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எல்லோரும் போங்கள் என்று கையை வீசினார். பெண்கள் மயங்கியவளையும் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். அப்பாவுக்கு மூச்சு திரும்பியது. அத்தோடு அம்மாவும் எழுந்து வந்திருந்தால் அது ஊர் சிரிக்கிற கதையாகவே முடிந்திருக்கும்.

துரைசானி அம்மாவின் கையை விடவில்லை. “பின்ன எதுக்குங்கம்மா இந்த அழுகை?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். துரைசானி, பார்சலோடு வந்திருந்த கடிதத்துக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி. தடியாக ஒரு பின்னல் தோள்வழியாக முன்னால் தொங்கியது. பெரிய கறுப்புப் பியானோவின் முன்னால் உட்கார்ந்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். துரைசானி அந்தப் பெண்ணைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஓய்ந்துகிடந்த இசைத்தட்டை மறுபடி சுழலவிட்டு, அதைக் காட்டினார்.

அம்மா போட்டோவைப் பார்த்தாள், துரைசானியைப் பார்த்தாள், வாசலில் நின்ற துரையையும் ஒரு பார்வை பார்த்தாள். “ஐயோ, இந்தப் புள்ளையா” என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. துரைசானியின் தங்கை செத்துப்போயிருக்கிறாள். அம்மா மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை எடுத்தது கன்னி கழியாமல் போன பெண்ணுக்கு உரியது.

“பொட்டிக்குள்ள போன கிளி
பொழுதிருக்கப் பேசுதடி
கடல்தாண்டி வந்த கிளி
கைசேர வரலியடி”

துரையின் சிரிப்பு நின்றது. வந்து போட்டோவை வாங்கிப் பார்த்தார். கழுத்திலிருந்து காதுவரை அவருக்குச் சிவந்தது. இசைத்தட்டை நிறுத்தி, பெட்டி மூடியைச் சாத்தினார். அப்பா வாசலிலிருந்து போதும் வா, போதும் வா என்று கையால் கெஞ்சினார். அம்மா பார்த்தாள், பார்த்தும் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் பின்னலைப் பாடினாள், விரல்களைப் பாடினாள், முழுசாகப் பாடி முடித்து மூக்கைச் சிந்திவிட்டுத்தான் எழுந்தாள். துரைசானியின் முகம் கழுவிவிட்டாற்போல இருந்தது.

மறுநாள் காலையில் அப்பாவின் சீட்டு கிழிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தனக்கே ஒப்பாரி வைத்ததற்குச் சிரித்த மனிதர், மச்சினிச்சிக்கு நாலு வரி அழுததற்கு வேலையைப் பறிப்பாரா? எடப்பாடிப் பக்கம் மாமா ஊருக்குப் போய், அவர் காட்டில் கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியிருந்தோம். முதல் மழையில் அது ஒழுகியது. அப்பா ஒரு வருஷம்போல அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானோ, பெயர் தெரியாத அந்த ஒல்லாந்துத் தங்கையை மழைக்கு மழை திட்டித் தீர்த்தேன். செத்தவள் சும்மா செத்திருக்கக் கூடாதா?

அப்பா போன பிறகு, என் மகள் தவழ்கிற வயதில், ஒருநாள் அம்மாவிடம் இதைக் கேட்டேன். எவள் தங்கையோ செத்ததற்கு நீ ஏன் நம் வீட்டை இழந்தாய் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தங்கச்சியா? அது தொரசாணியேதான்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். கட்டிப்பிடித்து அழுதபோது, பெட்டியில் ஒவ்வொரு சத்தமும் வருவதற்கு ஒரு கணம் முன்னதாகவே தன் முதுகில் துரைசானியின் விரல்கள் ஓடினவாம். போட்டோவைக் கையில் வாங்கியதும் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லையாம். மிச்சத்தை, நாங்கள் சட்டிபானை கட்டிய அன்று சமையல்காரர் சொல்லியிருக்கிறார். மழை தூறுவதையும் ஆற்றின்மேல் பனி இறங்குவதையும் பியானோவில் பாட்டாகக் கட்டி, சின்ன வயசிலேயே தன் தேசத்தில் பேர் வாங்கியவராம் அந்த அம்மா. கல்யாணமானதும் துரை, பியானோ கூடாது என்றுவிட்டார். எழுதியதும் நின்றது, ஊரும் மறந்தது. இருபது வருஷத்துக்கப்புறம் யாரோ பழைய சிநேகிதி அந்தப் பாட்டுகளை எழுதிய தாள்களைத் தேடியெடுத்து, பியானோவில் வாசித்து, இசைத்தட்டாகப் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

“அப்போ உயிரோட இருக்கறவங்கன்னு தெரிஞ்சே அழுதியா? அப்பாவுக்கு வேலை போகும்னு தோணலையா?” என்றேன்.

“தோணாம என்ன. தொரை மூஞ்சி செவந்தப்பவே ஊடு போச்சுன்னு தெரிஞ்சுது” என்றாள் அம்மா. “கையில ஒரு பொணத்தக் குடுத்துட்டு அந்தம்மா என்னையப் பாக்குது. அழுவாம எப்படிடி எந்திரிச்சு வாரது?”

எட்டு வயதில், பாடை கட்டித் தூக்கிப் போனால்தான் சாவு என்று நினைத்திருந்தேன்.