குதிகால் நடை

“நோயாளிகளைக் கனிவோடும் பொறுமையோடும் அணுகும் தண்டுவட நிபுணர்” என்கிறது மருத்துவமனையின் விளம்பரக் கையேடு. நிபுணரோ, கதவைத் திறந்து ஒரு கால் உள்ளே வைத்த பெண்மணியை, “உட்காராதீங்க! நடங்க, மொதல்ல நடங்க!” என்று விரட்டிக்கொண்டிருக்கிறார்.

கொள்கை அப்படி. இடுப்பில் நரம்பு நசுங்கினால் கால்தான் காட்டிக்கொடுக்கும்; ஸ்கேன் எல்லாம் அப்புறம். படத்தை முதலில் நீட்டுகிறவர்களுக்கு, “வைத்தியம் உங்களுக்கா, படத்துக்கா?” வலியை விவரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு, “நீங்க சும்மா இருங்க, கால் பேசட்டும்.” கனிவு இவ்வளவுதான்.

முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலை மட்டும் ஊன்றும் குதிகால் நடையை அவரே நடந்து காட்டுவார், கோட்டுப் பையில் கைவிட்டு, வாத்து மாதிரி. “அச்சு அசல் இப்படியே நடக்கணும்.” உள்ளே வந்த பெண்மணி பேருந்து ஓட்டுநர், யாருக்கும் வழிவிட்டுப் பழகாதவர். ஆனாலும் திட்டுக்குப் பயந்து அப்படியே நடந்தார். இடது பாதம் மேலெழாமல் தப்பென்று தரையில் விழுந்தது. நிபுணரின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, நரம்பு!”

முன்பெல்லாம் நீட்டிய காலைத் தூக்கிப் பார்த்து, பெருவிரலை அழுத்தி, சுத்தியலால் தட்டி உறுதி செய்துகொள்வார். சில வாரங்களாகக் குனிவதே இல்லை. குனிந்தால் இடுப்பிலிருந்து இடது கால்வரை மின்னல் இறங்குகிறது. வெறும் தசைப்பிடிப்பு என்று, தன் விஷயத்தில் மட்டும் சோதனையே இல்லாமல் தீர்ப்பெழுதியிருந்தார்.

பக்கத்து அறையில் பிசியோதெரபி பார்க்கும் அவருடைய அக்கா கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

“ஏண்டா, காலையிலேருந்து நீ அனுப்பின எல்லாருக்கும் இடது கால் தூக்கலையாமே? தொத்து வியாதியா?”

“கால் பொய் சொல்லாதுக்கா.”

“என் ரூமுக்கு வந்தா எல்லாம் ஜம்முனு தூக்குது. நீங்க நடங்கம்மா, இவனைப் பாக்காம.”

ஓட்டுநர் நடந்தார். இரண்டு பாதங்களும் அழகாக மேலெழுந்தன. “டாக்டர்தான் இடது காலைத் தப்பு தப்புனு போட்டுக் காட்டினார். அதான் நானும் போட்டேன்” என்றார், குற்றவாளியைப் போல.

அக்கா தம்பியின் காலைப் பார்த்தாள். “எத்தனை நாளாடா?”

“பிடிப்புக்கா. வேற ஒண்ணுமில்ல.”

“இதையே ஒரு நோயாளி சொன்னா விடுவியா? தள்ளிப்போட்டா அப்புறம் பாதம் தூக்கவே தூக்காதுன்னு கூரை பிய்யக் கத்துவியே!”

நிபுணர் இடது காலின் ஷூவைக் கழற்றிவிட்டு, சோதனைப் படுக்கையில் ஏறிப் படுத்து, காலை அக்காவிடம் நீட்டினார்.