வன்னியம்பட்டி ரோஸ் வீடு

1. எமல்ஷன்

முதல் முறை போனபோது அந்தத் தோட்டத்து வீடு பழுப்பு நிறத்தில் இருந்தது. மறு வாரம் சாரைக் கூட்டிக்கொண்டு போனால் ரோஸ் கலரில் நிற்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மில்லில் பஞ்சுச் சிப்பம் தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன். சில மாதம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்கை. பழைய தோட்டத்து வீடுகளைத் தேடிப் பதிவு செய்யும் ஒரு சிறு குழு, வண்டித்தடம் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டது. அதை நடத்துபவர்தான் சார். நல்ல சுண்ணாம்புக் காரை வீடாகப் பார்த்து அளவெடுப்போம். உரிமையாளர் சம்மதித்தால், 'ஊரின் அடையாள வீடு' என்று ஒரு கல் பதிப்போம். இடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். சட்டம் எதுவும் எங்கள் கையில் இல்லை.

வன்னியம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ரெங்கையா இதை நம்பவில்லை. அடுத்த தேங்காய் வெட்டுக்குள் வீட்டை இடித்து, காய் காயவைக்கச் சிமென்ட் களம் போட அவருக்குத் திட்டம். கல் பதித்தால் கவர்மெண்ட் தடுத்துவிடும் என்று பயந்து, புதுசாகத் தெரியட்டுமென வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுக்குக் கல்யாணமா?" என்றேன்.

"புது வீடுலே இது. போன வருசம் கட்டுனது."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அப்ப ஒங்க தாத்தா இதே வீட்டுலதான் பொறந்தாருன்னு சொன்னது யாரு?"

சார் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "காரைச் சுவர்ல எமல்ஷன் பெயின்டா? சுவருக்கு மூச்சு முட்டுமேய்யா. பழைய தோற்றமே போச்சு. பட்டியல்ல சேர்க்க முடியாது."

ரெங்கையா மகிழ்ச்சியோடு ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டித் தந்தார். நான் குடித்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தச் சுற்றில் நாங்கள் பார்த்த நல்ல வீடு அதுதான்.

2. மினி பஸ்

பிறகு ஒருநாள் என் பைக் படுத்துவிட்டதால் மினி பஸ்ஸில் போனேன்.

"ரோஸ் வீடு! ரோஸ் வீடெல்லாம் எறங்குங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

அந்த இடத்துக்கு அதுவரை பெயர் கிடையாது. இறங்கிய ஒரு பெண் போனில், "ரோஸ் வீட்டுல நிக்கேன், வண்டிய எடுத்துட்டு வா" என்றாள். ஒரு புதுமனை புகுவிழாப் பத்திரிகையிலும் 'ரோஸ் வீடு நிறுத்தம்' என்றே அச்சடித்திருந்தார்களாம்.

நானும் இறங்கினேன். வாசலில் ரெங்கையா ஜேசிபிக்காரரிடம் வாடகை பேசிக்கொண்டிருந்தார். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, வீட்ட இடிக்கப் போறியளா? அப்ப நாங்க பஸ்ஸ எங்க நிப்பாட்ட?"

"மரத்தடியில நிப்பாட்டுலே."

"எந்த மரம்? இங்க அம்புட்டும் தென்னமரந்தான!"

பஸ்ஸே சிரித்தது. ரெங்கையா சுற்றிலும் பார்த்தார். தென்னைதான். ஜேசிபிக்காரரிடம், "பொறவு சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, கல்லு வச்சா கவர்மெண்டு வீட்ட எடுத்துக்கிடாதே?"

"எங்க கையில ஒரு கடப்பாறகூடக் கெடையாது, அண்ணாச்சி."

தோப்புக் கிணற்றுப் பக்கம் கையை நீட்டினார். "சரி, களத்தக் கெணத்துக்கு அந்தப் பக்கம் போட்டுக்கிடுதேன்."

3. காவி

ஊருக்கு அடையாளமாக இருக்கிற வீட்டைத்தான் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் ஊரை நாங்கள் கேட்டதே இல்லை. சாரிடம் பஸ் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பட்டியலில் சேர்க்க ஒப்புக்கொண்டார். ஆனால் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றார்.

ரெங்கையாவின் மனைவி விடவில்லை. "வெள்ளையடிச்சா பஸ்காரன் தாண்டிப் போயிருவான். நீங்களா வந்து நிப்பாட்டுவிய?"

கடைசியில் கொத்தனார் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பில் கொஞ்சம் காவியைக் கலந்து அடித்தார். இளம் ரோஸ் வந்தது. சுவருக்கும் மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் ஒரு ஊருக்குப் போனால் எந்த வீடு பழசு என்று முதலில் கேட்பதில்லை. பைக் ஓடினாலும் பஸ்ஸில்தான் போகிறேன். எந்த வீட்டின் பெயரைச் சொல்லி ஆளை இறக்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அங்கேயே நானும் இறங்கிவிடுகிறேன்.