மூடி இல்லாத பியானோ

பியானோவை உடைத்து முடிக்க அண்ணனுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்த சம்மட்டியால் முதலில் மேல்பலகையைப் பிளந்தான். பிறகு வாசிக்கும் கட்டைகளைப் பல்லை உடைப்பதுபோல வரிசையாக உடைத்தான். கடைசியாகக் கம்பிகள்மேல் ஓங்கி அடித்தபோது, தடித்த கம்பி ஒன்று அறுந்து சாட்டைபோல எகிறி அவன் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு கிழித்தது. அந்தக் கோட்டுக்கும் சேர்த்து அடி விழுந்தது தங்கைக்குத்தான்.

தங்கைக்கு முப்பது வயது. ஒரு நடனப் பள்ளியில் பிள்ளைகள் ஆடுவதற்குப் பியானோ வாசிப்பவள். பிள்ளைகள் அவளை மெட்டக்கா என்று கூப்பிடுவார்கள். அண்ணன் தகடு வெட்டும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். எட்டு மணி நேரம் இரும்பு இடிக்கிற சத்தத்தில் நின்றுவிட்டு வருபவனுக்கு, வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தாலும் தலைக்கு ஏறிவிடும். அது உண்மைதான். ஆனால் அதே மெஷின்களில் அதே இரவுகளில் நின்ற மற்றவர்கள் வீட்டுக்குப் போய் யாரையும் அடிக்கவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும்.

"அவன் தூங்கறப்ப தட்டாதே, தட்டாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?" என்றாள் அம்மா, மரச்சிம்புகளைக் கூட்டிக்கொண்டே. "போகட்டும், உன் கை தப்பிச்சுதே. அதுக்குச் சந்தோஷப்படு."

கை எல்லாத் தடவையும் தப்பியதில்லை. மெட்டக்காவுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அவள் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே அண்ணன் பியானோவின் மூடியை அறைந்து சாத்தினான். இடதுகை மோதிரவிரல் உள்ளே இருந்தது. அது இன்றுவரை கோணலாகத்தான் இருக்கிறது. "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு டாக்டர்" என்று அன்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு பதினைந்து வருடமும் மெட்டக்கா ஒரு கண் மூடிமேல் வைத்தே வாசித்தாள்.

இப்போது பியானோ இல்லை. ஆனால் பத்தொன்பது நாளில் ஒரு தேர்வு இருந்தது. நகரத்தின் பெரிய நாடக அரங்கில் பியானோ வாசிக்க ஆள் எடுக்கிறார்கள். வேலையோடு, மேடைக்குப் பின்னால் தங்குவதற்கு ஓர் அறையும் உண்டு. உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய அறை. அந்தத் தாழ்ப்பாளை அவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நடனப் பள்ளியோ விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. பழகுவதற்கு ஏதாவது வாங்கியே தீர வேண்டும்.

மறுநாள் காலை வீங்கிய உதட்டோடு இசைக்கருவிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் உதட்டைப் பார்த்தார். பார்க்காததுபோல இருந்துகொண்டார்.

"மிடி கீபோர்டு. முழுசா எண்பத்தெட்டு கட்டை வேணும். தொட்டா பியானோ மாதிரியே இருக்கணும்."

"இந்தாங்க, இது பாருங்க. எடை கம்மி. முதுகுல மாட்டிக்கிட்டே போயிடலாம்."

அவள் ஒரு கட்டையைத் தட்டினாள். "தொட்டவுடனே விழுது. இது கட்டையா, லைட் சுவிட்சா?"

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிடி இரும்பு நட்டுகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் பயந்துபோய், "அம்மா, கழட்டிப் பாக்கறதெல்லாம் கிடையாதும்மா!" என்றார்.

கழற்றுவதற்கு இல்லை, எடை பார்ப்பதற்கு. சின்ன வயதில் அண்ணனும் அவளும் ஆடிய ஆட்டம் அது. பியானோக் கட்டையின் நுனியில் நட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். யார் வைக்கும் நட்டில் கட்டை இறங்குகிறதோ, அவருக்குத் தோல்வி. நடுக்கட்டை நாலு நட்டுவரை அசையாது, ஐந்தாவதில் இறங்கும். தான் தோற்றால் அண்ணன் அப்போதே அவள் கையை முறுக்குவான். ஆட்டம் முடிந்து எவ்வளவோ வருடமாகியும் அந்தக் கணக்கு மட்டும் அவள் விரலில் நின்றுவிட்டது.

முதல் கீபோர்டு இரண்டு நட்டில் விழுந்தது. அடுத்ததில் எட்டு வைத்தும் அசைவில்லை. "இதை வாசிச்சா பத்து நாள்ல மணிக்கட்டு போயிடும்" என்றாள். மூன்றாவது சரியாக ஐந்தில் இறங்கியது. ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் செருகி, ஒரே கட்டையை வேகமாக அடுத்தடுத்துத் தட்டினால் நாலில் ஒன்று கேட்கவில்லை.

"சொந்தமா சத்தம் வர்ற மாடலும் இருக்கும்மா. ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கு. இதெல்லாம் வெறும் ஊமை. கம்ப்யூட்டர்ல செருகினாத்தான் பேசும்."

"ஊமைதான் வேணும். நான் ஹெட்போன்லயே கேட்டுக்கறேன்."

"அப்ப இதப் பாருங்க. ராஜா இது. மரக்கட்டை, அருமையான மூடி. தூசியே படாது." கடைக்காரர் பெருமையோடு மூடியைப் பட்டென்று சாத்திக் காட்டினார். அவள் இரண்டு கைகளையும் வெடுக்கென்று மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"மூடி வேண்டாம்."

"தூசி..."

"தூசிய நான் துடைச்சுக்கறேன்."

கடைசியில் மூலையில் கிடந்த ஒரு கறுப்புக் கீபோர்டு அகப்பட்டது. நடுக்கட்டை ஐந்து நட்டில் இறங்கியது. இடப்பக்கம் போகப்போக எடை கூடியது, வலப்பக்கம் குறைந்தது, அசல் பியானோ மாதிரியே. மெதுவாக அழுத்தினால் மெதுவாகப் பேசியது. எத்தனை வேகமாகத் தட்டினாலும் ஒன்றுகூட விடுபடவில்லை. கோணல் விரலால் கறுப்புக் கட்டையை அழுத்திப் பார்த்தாள். வழுக்கவில்லை. மூடியும் கிடையாது.

"யானைக்குட்டி மாதிரி கனக்கும்மா" என்று எச்சரித்தார் கடைக்காரர். "ஒத்த ஆளாத் தூக்க முடியாது."

"அதுவும் நல்லதுதான்."

வீட்டில் கடைப் பையன் உதவியோடு அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, நடனப் பள்ளி அவளுக்குக் கொடுத்திருந்த பழைய லேப்டாப்பில் செருகினாள். முதல் இரண்டு நாள் அண்ணன் வேலைக்குப் போன பிறகே வாசித்தாள். மூன்றாம் நாள் துணிச்சல் வந்தது. சத்தமே போடாத பொருளுக்கு நேரம் காலம் எதற்கு? நண்பகலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள். பியானோ மாதிரி கனக்க வேண்டும் என்றால் கட்டைக்கு அடியில் சுத்தியல் வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாக, உள்ளே எண்பத்தெட்டு சுத்தியல்கள் எழுந்து விழுகின்றன. கடையில் தரைவிரிப்பு அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. இங்கே அது மேசைக்காலில் இறங்கி, தரையில் ஓடி, சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கட்டில்காலில் ஏறியது. அவள் காதில் இசை. அவன் தலைமாட்டில் மட்டும் டொக், டொக், டொக். பிரஸ் மெஷின் வீட்டுக்கே வந்துவிட்டதுபோல.

அவன் வந்ததே அவளுக்குத் தெரியாது. ஹெட்போன் தலைமுடியோடு பிய்ந்து வந்தது. திரும்புவதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தாள்.

"எனக்குத் தெரியாமயே வாசிப்பியாடி? என் தலைக்குள்ள சுத்தியால அடிப்பியா?"

"அண்ணே, அதுக்கடியில கம்பளி போட்டுடறேன். ஒரு நிமிஷம்..."

"கம்பளியா? உனக்கே போடறேன் கம்பளி!"

விலாவில் உதைத்தான். வயரைப் பிடுங்கி எறிந்தான். கீபோர்டின் ஒரு முனையைத் தூக்கி, தரையில் கீறிக்கொண்டு வாசலை நோக்கித் தரதரவென்று இழுத்தான். வாசலைத் தாண்டினால் மாடிப்படி. பதினோரு படி, கீழே சிமெண்டுத் தரை.

அம்மா சமையலறைக் கதவிலேயே நின்றாள். "டேய், டேய்" என்றாளே தவிர, நகரவில்லை.

மெட்டக்கா எழுந்து ஓடி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவன் படிக்கு முதுகைக் காட்டியபடி, குதிகால் விளிம்பில் நிற்க, முழு பலத்தோடு இழுத்தான். அவளும் இழுத்தாள். கட்டைகள் அவள் உள்ளங்கையில் அழுந்தின.

"விடுடி! விட்டா இது மட்டும் போகும். விடலேன்னா கையும் போகும். இந்தத் தடவ பத்து விரலும்!"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கம்பி கிழித்த கோடு இன்னும் ஆறவில்லை. அவன் பாதங்களையும் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

பிறகு கையை எடுத்தாள்.

அவன் இழுத்த இழுப்பு முழுவதும் அவன்மேலேயே திரும்பியது. பின்னால் சரிந்தான். யானைக்குட்டி கனம் மார்பில் ஏறி உட்கார, இரண்டும் சேர்ந்து பதினோரு படியும் உருண்டன. கீழே எலும்பு முறிந்த சத்தம் மேலே கேட்டது.

அவள் இறங்கிப் போய்க் கீபோர்டை அவன்மேலிருந்து புரட்டித் தள்ளினாள். ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் அவள்தான். ஆஸ்பத்திரியில் அம்மா பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். "படியில வழுக்கிட்டான் டாக்டர்."

தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருந்தன. கட்டுப் போட்டுப் படுக்கவைத்தபின் அண்ணன் அவளை ஜாடையால் கிட்டே கூப்பிட்டான்.

"வேணும்னேதானே விட்ட?"

"ஆமா."

அவன் இடதுகையை ஓங்கினான். வலி இழுத்ததில் பாதியிலேயே கை இறங்கிவிட்டது. அவள் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு கீபோர்டை மேலே ஏற்றி லேப்டாப்பில் செருகி, கட்டை கட்டையாக நட்டு வைத்துப் பார்த்தாள். ஓர் ஓரம் நசுங்கி, மேல்கோடியில் இரண்டு கட்டைகள் செத்துப்போயிருந்தன. மற்ற எண்பத்தாறும் பேசின. தேர்வுப் பாட்டில் அந்த இரண்டுக்கும் வேலை இல்லை. மீதி நாட்களில் காலை முதல் மாலைவரை வாசித்தாள். அண்ணன் வீடு திரும்பி அதே கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரை உதைத்தான். அவள் காதில் ஹெட்போன் இருந்தது.

தேர்வன்று மேடை நடுவில் பெரிய பியானோ நின்றது, கட்டைகளுக்கு மேல் பளபளக்கும் மூடியோடு. கீழே நான்கு பேர் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நாற்காலியில் உட்காராமல், ஓரமாக நின்ற மேடைத் தச்சரைப் பார்த்து, "அண்ணே, இந்த மூடியக் கழட்ட முடியுமா?" என்றாள்.

"திறந்துதானேம்மா இருக்கு?"

"திறந்திருந்தா போதாது. கழட்டணும்."

"எதுக்கும்மா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

அவள் கோணல் விரலை நீட்டிக் காட்டினாள். தச்சர் விரலைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். திருப்புளி எடுத்துவந்து, இரண்டு பக்கமும் திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கித் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார்.

மெட்டக்கா உட்கார்ந்தாள். நடுக்கட்டையை மெல்ல அழுத்தினாள். ஐந்து நட்டுதான். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் தாழ்ப்பாள் உள்ள அந்த அறைக்குக் குடிபோனாள். கறுப்புக் கீபோர்டைத் தூக்கத் தச்சரும் ஒரு கை கொடுத்தார்.